செவ்வாய்க் கப்பலில் மருதமுத்துவின் பெயர்

சிங்கப்பூர்
2-12-1957

அன்புள்ள ஷரீஃபு நானாவுக்கு,

கலியாணசுந்தரம் எழுதுகிறேன். நான் சுகம். கடையும் சபியா அக்காவும் சுகம்தானே? மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து மூன்று மாதமாகிவிட்டது, மலாக்காவில் தேத்தண்ணி விலையாவது இறங்கியதா? இங்கே எங்களுக்கு இன்னும் வெள்ளைக்காரக் கவர்னர்தான்.

விசாரிப்பு போதும். ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

'தென்முனை' பத்திரிகை ஆபீசுக்குப் போன வாரம் காஜா பெராங்கிலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மருதமுத்து சொல்ல, ஆஸ்பத்திரி ஆயா ஜெயா எழுதியது என்று அடியில் போட்டிருக்கிறது. முனிசிபல் கூலிகள் லயத்தில் இருந்துகொண்டு சாக்கடைக் கால் வெட்டுவாரே, அந்த மருதமுத்துதானே? அவர் கேட்டிருப்பதை அப்படியே எழுதுகிறேன். "ஐயா, செவ்வாயில் கால்வாய் ஓரமாகக் கொடுக்கிற நிலத்தில் கத்தரி வருமா? முதலில் போகிறவர்கள் பிறகு குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டேன். அது ஆண் பிள்ளைக்கு மட்டுமா, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் உண்டா? தயவுசெய்து தெரிவிக்கவும்."

நானா, என் செவ்வாயில் கத்தரிக்காய் கிடையாது. கால்வாய் கிடையாது. போய்ச் சேர்ந்த ஆளே கிடையாது. 'செவ்வாய்க் கரை' ஏழாம் அத்தியாயத்தில் விண்கற்கள் மோதிக் கப்பல் உடைந்து, அதிலிருந்த அத்தனை பேரும் செத்துப்போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இத்தனை வாரமாக நான் எழுதிக்கொண்டிருப்பது பூமியில் நடக்கும் விசாரணை. இங்கிலீஷ் விஞ்ஞானப் பத்திரிகைகளை வரவழைத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து எழுதுகிறேன். மனிதனின் பேராசைக்கு எல்லை உண்டா என்று கேட்கிற தொடர் இது. கத்தரித் தோட்டம் போடுகிற தொடர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கடையில் எல்லோரையும் உட்காரவைத்து என் தொடரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது நீங்கள்தான். உண்மையைச் சொல்லுங்கள். என்ன படிக்கிறீர்கள்?

அன்புடன்,
கலியாணம்


காஜா பெராங், மலாக்கா
7-12-1957

தம்பி கலியாணத்துக்கு ஷரீஃபுதீன் எழுதுவது. எங்கள் துஆ உனக்கு எப்போதும் உண்டு. தேத்தண்ணி விலை இறங்கவில்லை.

படித்தது நான்தான். மாற்றியதும் நான்தான். அதற்கு இப்போது என்ன செய்யச் சொல்கிறாய்?

நீ எழுதிவிட்டுப் போய்விடுகிறாய். அதை வாயால் சொல்கிறவன் நான். லயத்து ஆட்கள் வாரம் முழுக்கச் சாக்கடையில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். எழுத்துத் தெரிந்தவர் அதில் இரண்டு பேர்கூடத் தேறாது. நீ அந்தக் கப்பலில் ஒருவனை ஏற்றினாய் பார், மகளை ஊரில் விட்டுவிட்டு, "போனதும் கூப்பிடுகிறேன்" என்று கை காட்டிவிட்டு ஏறினானே. அவனைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கல் வந்து மோதுகிற இடத்தில் நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். மருதமுத்து கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நானா, கப்பலு தப்பிச்சிரும்ல?" என்று கேட்டார். நான் அடுத்த வரியைப் பார்த்தேன். ஒருவரும் மிஞ்சவில்லை என்று போட்டிருக்கிறாய்.

என் வாய், "தப்பிச்சிருச்சு" என்றது. நான் யோசித்துச் சொல்லவில்லை.

மருதமுத்துவின் கதை உனக்குத் தெரியாது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது பெண்டாட்டி இடுப்பில் ஒரு பெண்குழந்தை, சிவகாமசுந்தரி. ஒரு வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்த மனிதர். வந்ததும் ரப்பர் விலை விழுந்து வேலை போனது, அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், அதற்குள் அங்கே பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாள். மகளைக் கூப்பிடவே இல்லை. இப்போது அவளுக்கே குழந்தைகள் இருக்கின்றன. அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருநூறு பேரைக் கொல்ல என்னால் ஆகாது. உன்னால் ஆனது, ஏனென்றால் நீ சிங்கப்பூரில் இருக்கிறாய்.

அதற்கப்புறம் வாரா வாரம் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்? கண்ணாடிக் கூரை போட்ட ஊர் ஒன்று கட்டினேன். பனியை உருக்கிக் கால்வாயில் விட்டேன். கோயில் வைத்தேன். எனக்குத் தொழ இடம் வேண்டாமா, பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் வைத்தேன். மேலே நின்று வேலை வாங்க மண்டோர் கிடையாது என்று சொன்னதும் கடையே கை தட்டியது. செவ்வாயில் மூட்டையின் கனம் பாதிகூட இருக்காது என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதினாய் அல்லவா, அதை மட்டும் நீ எழுதியபடி விட்டுவிட்டேன்.

போன வாரம் மருதமுத்து அங்கே போவதற்குத் தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். "எழுதியாச்சு லா" என்றேன். விளையாட்டுக்குத்தான்.

கோபப்படாதே. சபியா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஷரீஃபுதீன்


சிங்கப்பூர்
16-12-1957

அன்புள்ள நானா,

கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். கப்பலை உடைத்ததிலிருந்து பத்திரிகை விற்பனை சரிந்திருக்கிறது. "அந்த ரஷ்யாக்காரன் செயற்கைச் சந்திரனை விட்டு, நாயையும் ஏற்றி அனுப்பி, ஊரெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நீ மட்டும் ஏன் ஒப்பாரி வைக்கிறாய்?" என்று கேட்டார்.  சட்டென்று உங்கள் கண்ணாடிக் கூரையைச் சொன்னேன். கால்வாயைச் சொன்னேன். கத்தரிக்காயைக்கூடச் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

ஆகவே கப்பல் உடையவில்லை. உடைந்ததாக வந்த செய்தி தப்பு. இந்த வாரம் அப்படித்தான் வருகிறது. நீங்கள் இனி மாற்றிப் படிக்க வேண்டியதில்லை. அச்சில் உள்ளதையே படிக்கலாம்.

ஒரு உதவி. இத்தனை வாரமாக என்னென்ன சொன்னீர்களோ அத்தனையையும் எழுதி அனுப்புங்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளையும் எழுதுங்கள். விஞ்ஞானத்தை நான் சரிபார்த்துக்கொள்கிறேன். பெரியவர் நம்புகிறார் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். சினிமாக் கொட்டகையில் அழுகிறவர்கள் எல்லோரும் அதை நிஜம் என்றா நினைக்கிறார்கள்?

கலியாணம்


காஜா பெராங்
30-12-1957

தம்பி,

நீ கேட்டபடி எழுதியிருக்கிறேன், தனித் தாளில் இருக்கிறது. கை வலிக்கிறது. இத்தனை பொய் சொல்லியிருக்கிறேனா என்று எனக்கே ஆச்சரியம்.

இப்போது கடையில் உட்கார இடமில்லை. தெங்கேராவிலிருந்துகூட நடந்து வருகிறார்கள். கேள்வி என்றால் கேள்வி. அங்கே சூரியன் சின்னதாகத் தெரியுமாமே, துணி காயுமா? இரண்டு சந்திரன் இருந்தால் விரதத்துக்கு எதைப் பார்ப்பது? செத்தால் எரிக்க விறகு ஏது? சலவைக்கார அஞ்சலை ஒரு கேள்வி கேட்டாள், நீதான் பதில் சொல்ல வேண்டும். "கப்பலு யாருது நானா? கப்பலு வெள்ளைக்காரனுதுன்னா அங்க போயும் நாமதான் காடு வெட்டணும்." நான் கப்பல் எல்லா நாட்டுக்கும் பொது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

மருதமுத்துதான் நம்புகிறார். அவரிடம் யாரோ கேலி பேசியபோது சொன்னார், கேள்: "வெள்ளைக்காரன் போவான்னு சொன்னப்ப சிரிச்சோம், போயிட்டான். மேல நாய ஏத்தி விட்டாங்கன்னு சொன்னப்ப சிரிச்சோம், அதுவும் நெசந்தான்னு ரேடியோவுல சொல்லிட்டான். இது மட்டும் ஏன் பொய்யா இருக்கணும்?"  

அவருக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. வயதாகிவிட்டது, லயத்து வீட்டையும் விட வேண்டும். லயத்து ஆட்கள் சேர்ந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரிக் கடைசியில் கப்பல். மகளும் எழுதியிருக்கிறாள், துறைமுகத்துக்கே வந்து நிற்கிறேன் அப்பா என்று. அதை நான்தான் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், தலையைக் குனிந்துகொண்டு, "வெறுங்கையோட எப்படி நானா போயி நிக்கிறது?" என்கிறார்.

எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. நீ எழுதும்போது, இது கதை, இது கதை என்று நடுவில் எங்கேயாவது ஒரு இடத்தில் சொல்லிவிடு.

ஷரீஃபுதீன்


சிங்கப்பூர்
10-1-1958

அன்புள்ள நானா,

தாள்கள் கிடைத்தன. தங்கம். அஞ்சலையின் கேள்வியை ஆசிரியர் சத்தம்போட்டுப் படித்தார். அதையே ஒரு அத்தியாயமாக்கிவிட்டேன். செவ்வாயோடு நிறுத்தப்போவதில்லை. அங்கிருந்து வியாழனின் சந்திரன்களுக்கு, பிறகு சனிக்கு. மனிதன் ஒவ்வொரு கரையாகக் குடியேறிக்கொண்டே போவான். எழுத உட்கார்ந்தால் எனக்குப் பசிகூட எடுப்பதில்லை.

இன்னொரு செய்தி, உங்களைச் சந்தோஷப்படுத்தும். இந்த வாரம் இரண்டாம் கப்பலில் போகிறவர்களின் பெயர்களைக் கதையில் படிக்கிறார்கள். அதில் 'மருதமுத்து, காஜா பெராங், மலாக்கா' என்று போட்டிருக்கிறேன். பெரியவர் தன் பெயரை அச்சில் பார்த்துவிட்டு ஊருக்குப் போகட்டும். என்னாலான பரிசு.

கலியாணம்


காஜா பெராங்
2-2-1958

கலியாணம்,

கப்பல் போய்விட்டது. மருதமுத்து போகவில்லை.

நான் எழுதுவதைப் பொறுமையாகப் படி. உன் பரிசு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் பெயரைப் படித்ததும் கடையில் எல்லோரும் சிரித்து, அவர் முதுகில் தட்டி, எனக்கு ஒரு கோப்பி ஓ, உனக்கு ஒரு கோப்பி ஓ என்று ஆர்ப்பாட்டம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனார். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். நேரே ஜெயாவிடம் போய், தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவள் காட்டியிருக்கிறாள். அவள் என்ன செய்வாள், அச்சில் இருக்கிறதே.

கப்பல் புறப்படுகிற அன்று காலையில் லயத்து ஆட்கள் வழியனுப்பக் கூடி நின்றபோது, சீட்டை எடுத்து அதே லயத்து நல்லையா கையில் கொடுத்துவிட்டார். நல்லையாவின் தாயார் ஊரில் படுத்த படுக்கை, போக வழியில்லாமல் அழுதுகொண்டிருந்தவர். எல்லோரும் அதைத் தர்மம் என்று நினைத்தார்கள். சாயங்காலம் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, "ரெண்டாங் கப்பலுக்கு இன்னும் எத்தினி நாளு நானா? அதுவரைக்கும் பின்னால படுத்துக்கவா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. 

மகளுக்கு ஜெயாவை வைத்துக் கடிதமும் போட்டுவிட்டாராம். "துறைமுகத்துக்கு வராதே. நான் வேறு இடத்துக்குப் போகிறேன். இந்தத் தடவை கட்டாயம் உன்னைக் கூப்பிட்டுக்கொள்வேன்."

நான் அவரிடம், அண்ணே, நான் படித்ததெல்லாம் கதை, பாதிக்கு மேல் நானே கட்டிவிட்டது என்று சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தெரியும் நானா. நீங்க வாயால சேத்துச் சேத்துச் சொல்லுவீங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும். நீங்க சொன்னத மட்டும் வெச்சி நா கெளம்பல. அச்சுல பேரு வந்திருக்குல்ல. அதுக்கப்பறந்தான் சீட்டக் குடுத்தேன்."

இந்த ஊருக்கு அவர் வந்ததும் இப்படித்தான். ஒரு கங்காணி வந்து, அங்கே போனால் நன்றாக இருக்கலாம் என்று கதை சொன்னான். கேட்டுச் சிரித்தார்கள். பிறகு கப்பலுக்கு ஆள் சேர்க்கிற டிப்போவில் காகிதத்தைப் பார்த்து ஒருவன் பெயரைச் சத்தமாகப் படித்தான். படித்த பெயர்களெல்லாம் கப்பல் ஏறின.

நீ வந்து அவரிடம் சொல். அச்சில் போட்டது நீ. உன் வாயால் சொன்னால்தான் நம்புவார்.

ஷரீஃபுதீன்


சிங்கப்பூர்
9-2-1958

நானா,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் குற்றம் முழுவதையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

என் கப்பலை நான் உடைத்தேன். நீங்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினீர்கள். நான் எழுதியபடியே படித்திருந்தால் பெரியவர் ஒரு கோப்பைத் தேத்தண்ணி நேரம் வருத்தப்பட்டுவிட்டு, இப்போது மகள் வீட்டில் இருந்திருப்பார். தலைப்புக்குக் கீழே 'கற்பனைத் தொடர்' என்று முதல் வாரத்திலிருந்து போட்டுக்கொண்டுதான் வருகிறோம். எழுத்துச் சிறியது, ஒப்புக்கொள்கிறேன். அதைப் படிக்காமல் விட்டது யார்?

இது எல்லாம் கதை என்று தனியாக ஒரு அறிவிப்புப் போட ஆசிரியரிடம் கேட்டேன். விற்பனை ஏறியிருக்கிற நேரத்தில் பைத்தியமா உனக்கு என்றார். அதனால் வேறு வழி செய்திருக்கிறேன். அடுத்த வாரம் இரண்டாம் கப்பலில் ஏறுகிறவர்களுக்கு வைத்தியப் பரிசோதனை. வயதானவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் படியுங்கள். அவரே மனசு ஆறி ஊருக்குப் போய்விடுவார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

மலாக்கா வரச் சொல்கிறீர்கள். வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

கலியாணம்


காஜா பெராங்
5-3-1958

கலியாணசுந்தரம்,

உன் வைத்தியப் பரிசோதனையை ஒரு சொல் மாற்றாமல் படித்தேன்.

மருதமுத்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் தலை முழுக்க மை அடித்துக்கொண்டு வந்து நின்றார். அது நெற்றியிலும் காதிலும் வழிந்திருந்தது. "நாகப்பட்டணத்துல டாக்டரு இமையத் தூக்கிப் பாத்தாரு, பல்ல எண்ணுனாரு, கைய மடக்கச் சொன்னாரு. இப்பவும் அதத்தான பாப்பாங்க? ஒடம்பத் தேத்திக்கலாம் நானா." இப்போது தினமும் விடிகாலையில் உஜோங் பாசிர் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வருகிறார். என் கடையில் மூட்டை வந்தால் தூக்கிப் பார்க்கிறார். போன வாரம் அரிசி மூட்டையோடு சாய்ந்துவிட்டார். சபியா எண்ணெய் தேய்த்துவிட்டு அழுதாள். அவள் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் சோறு போடுகிறாள்.

குற்றம் யாருடையது என்று கணக்குப் பார்க்கிறாயா? சரி, எடுத்துக்கொள்கிறேன், முழுவதும் என்னுடையது. இப்போது மனசு குளிர்ந்ததா? இனி இதைக் கேள்.

நல்லையா நாகப்பட்டினத்திலிருந்து எழுதியிருக்கிறார். மருதமுத்து போட்ட கடிதம் போய்ச் சேருவதற்கு முன்னால் கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் கைக்குழந்தையோடு துறைமுகத்தில் நின்றிருக்கிறாள். கடைசியில் நல்லையாதான் அவளிடம் போய், சீட்டைக் கொடுக்கும்போது மருதமுத்து தன் காதில் சொன்னதை வைத்து, உங்கப்பா வரவில்லை அம்மா, அவர் செவ்வாய் என்று ஒரு இடத்துக்குப் போகிறார் என்று சொல்லியிருக்கிறார். வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லையாம். பாவம், என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் என்னிடம் கேட்கிறார்.

நானும் நாலு தடவை வாயைத் திறந்தேன். அச்சில் இருக்கிறதே நானா என்று ஒரே பதில்.

நீ வா. வேலை இருக்கிறது என்று எழுதாதே. வராவிட்டால் இனி எனக்குக் கடிதமே எழுத வேண்டாம்.

ஷரீஃபுதீன்


சிங்கப்பூர்
25-3-1958

அன்புள்ள நானா,

மலாக்காவிலிருந்து வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் வழி முழுக்கத் தூங்கவில்லை.

அங்கே இருந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் அவரிடம் சொல்லும்போது நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். அது நல்லதுதான். ஐயா, கப்பல் இல்லை, செவ்வாயில் ஊர் இல்லை, உங்கள் பெயரை விளையாட்டுப் போல நான்தான் போட்டேன் என்று சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எம்பேர எழுதறப்ப, நா நம்பிருவேன்னு ஒங்களுக்குத் தெரியுமா தம்பி?"

தெரியும் நானா. டிசம்பரிலேயே நீங்கள் எழுதியிருந்தீர்கள். நம்புகிறார் என்று தெரிந்துதான் போட்டேன். நம்புகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "செரி" என்றார். அவ்வளவுதான். அந்த 'செரி' என் காதை விட்டுப் போகவில்லை.

மகளுக்கு எழுத வேண்டும் என்றார். வைத்தியப் பரிசோதனையில் தேறவில்லை என்று எழுதிவிடலாமா, உங்களுக்கும் கௌரவமாக இருக்கும் என்று கேட்டேன். பாருங்கள், அப்போதுகூட எனக்குப் பொய்தான் வாயில் வந்தது. "வேணாம். உள்ளத எழுதுங்க. ஏமாந்துட்டேன்னு எழுதுங்க" என்றார். நான் 'ஏமாந்தேன்' என்று எழுதவில்லை. 'ஏமாற்றினோம்' என்று எழுதி, என் பெயரையும் உங்கள் பெயரையும் போட்டேன். உங்களைக் கேட்காமல் போட்டதற்கு மன்னியுங்கள்.

தொடரை நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தினேன், பத்திரிகை நிறுத்தவில்லை. வேறொருவர் எழுதப்போகிறார். மே மாதக் கப்பலில் பெரியவருக்குச் சீட்டு எடுத்துவிட்டேன், தபாலில் வருகிறது.

மனிதன் ஒருநாள் செவ்வாய்க்குப் போவான் நானா. இன்னும் நூறு வருஷம் ஆகட்டும், போகத்தான் போகிறான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கும் ஊர் ஊராக வந்து கதை சொல்லிப் பெயர் எழுதிக்கொள்ள ஒருவன் வருவான். அவன் என்னைப் போலப் படித்தவனாக, நல்ல சட்டை போட்டவனாக, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாதவனாக இருப்பான். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சபியா அக்காவிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கலியாணம்


காஜா பெராங்
4-5-1958

தம்பி கலியாணத்துக்கு,

என் பெயரைக் கேட்காமல் போட்டது சரிதான். கேட்டிருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை மகளிடமிருந்து பதில் வந்தது. மருதமுத்து அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கடையில் ஜெயாவைத் தவிர வேறு யாருமில்லை. அவள் வேலைக்குப் போகிற வழியில் ரொட்டி வாங்க நின்றாள். நான் பிரித்து முதலில் கண்ணால் ஓட்டினேன். அதை உனக்கு இங்கே எழுதுகிறேன்.

"அப்பாவுக்குச் சிவகாமசுந்தரி எழுதிக்கொண்டது. கப்பல் வந்த அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. அதனால் இறங்கிவந்த வயதானவர் ஒவ்வொருவரிடமும் போய், நீங்களா என்று கேட்டேன். நல்லையா என்பவர் விஷயத்தைச் சொன்னதும் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்படியும் மறுநாள் போய் நின்றேன், அவர் ஆள் தெரியாமல் சொல்லியிருக்கலாம் என்று. உங்களை ஏமாற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் யாரோ. மகளிடம் வருவதைவிட ஆள் இல்லாத இடத்துக்குப் போவது மேல் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதை அவர்களா சொல்லிக்கொடுத்தார்கள்? நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இனி வர வேண்டாம். இருக்கிற இடத்தில் நன்றாக இருங்கள்."

கலியாணம், கடிதம் என் கையில் இருக்கிறது. அவருக்கு எழுத்துத் தெரியாது. கப்பல் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. 'வாங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் சிரித்துக்கொண்டு போய் ஏறுவார். என் வாய் எனக்குத் தெரியும், அது தயாராகத்தான் இருந்தது. அல்லாஹ்தான் என்னைக் காப்பாற்றினான். எழுதியபடியே படித்தேன். 'அவர்கள் யாரோ' என்கிற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன்.

படித்து முடித்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "இதுல நீங்க ஒண்ணும் சேக்கலியே நானா?"

"இல்லண்ணே."

"எடுக்கவும் இல்லியே?"

"இல்ல."

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "அவ கேட்டுருக்குறது நியாயந்தான்" என்றார். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? அவ வர வேணாம்னு சொல்லலாம். போக வேண்டியது நான்" என்றார். காகிதம் எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"சிவகாமி, இந்தக் கப்பல்ல வர்றேன். நீ நின்ன எடத்துல, நீ நின்ன மாதிரி நானும் நிக்கிறேன். நீ வந்துதான் ஆகணும்னு இல்ல."

வேறு ஏதாவது சேர்க்கட்டுமா அண்ணே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.  எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பிறகு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, ஜெயாவிடம் கொடுத்து, அவளையும் ஒரு தடவை படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். இரண்டு பேர் படித்ததும் ஒன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

ஷரீஃபுதீன்